கொழுப்பு நுண்பைகளும் அவை தீண்டும் பரப்புகளும்

தாமரை இலைத் தண்ணீர் என்பது பற்றின்மைக்கு நம் முன்னோர் கண்ட உவமை. அதே நீர்த்துளியைக் கழுவித் துடைத்த கண்ணாடித் தட்டில் விட்டுப் பார்ப்போமானால் அது தட்டைப் பற்றிக்கொண்டு பரந்து படியும். நீர் ஒன்றே, மாறியது அதன் கீழ் இருந்த பரப்பு. ஒரு பொருள் எவ்வாறு ஒழுகும் என்பதை அதன் சொந்த இயல்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அது எதன்மீது சென்று அமர்கின்றதோ, அதற்கும் அத்தீர்ப்பிற் பங்குண்டு.

கண்ணுக்குப் புலனாகாத கொழுப்பு நுண்பைகளின் திறத்தில் இவ்வுண்மை எவ்வளவு தூரம் செல்லுகின்றது என்பதையும், குறைமாதத்திற் பிறந்த ஒரு சிசுவின் மூச்சே அதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விஞ்ஞானத்தை உயர் வகுப்பிற் கற்றவர்களுக்கு மட்டுமன்றி, சட்டம், வாணிகம், ஆசிரியம் முதலிய துறைகளிற் புகுந்துவிட்ட பழைய மாணவர்களுக்கும் விளங்குமாறு, சூத்திரங்களைத் தவிர்த்து எழுத முயன்றிருக்கிறேன்.

தலை ஒன்று, வால் இரண்டு

எண்ணெயும் தண்ணீரும் கலவா என்பதைச் சமையலறையில் எவரும் அறிவர். ஆயினும் இயற்கை, பாதி நீரையும் பாதி எண்ணெயையும் ஒத்த ஒருவகை மூலக்கூறையும் படைத்திருக்கின்றது. முட்டையின் மஞ்சட் கருவில் உள்ள லெசித்தின் அத்தகையது. பொசுபோலிப்பிட்டு என்று நூல்களிற் கூறப்படும் கொழுப்பினத்தைச் சேர்ந்த இம்மூலக்கூறுக்குத் தலை ஒன்றும் வால்கள் இரண்டும் உண்டு. பொசுபேற்றைக் கொண்ட தலை நீரை நாடும். நீண்ட ஐதரோகாபன் வால்களோ நீரை விட்டு விலகும். இத்தகைய இருமனப்பட்ட மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் நீரில் இடப்பட்டால் என் செய்யும்? வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை இருபுறமும் நீருக்குக் காட்டி, இரண்டு அடுக்குகளாக அணிவகுத்து நிற்கும். அவ்வாறு அமையும் ஏட்டின் தடிப்பு ஏறத்தாழ 4 முதல் 5 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றராகும்.

ஆனால் அந்த ஏட்டுக்கு ஓரங்கள் உண்டல்லவா? ஓரத்தில் நிற்கும் மூலக்கூறுகளின் வால்கள் நீருக்கு வெளிப்பட்டுவிடும். அந்தக் குறையை நீக்க ஏடு வளைந்து, தன்னைத் தானே மூடிக்கொண்டு, உள்ளே சிறிதளவு நீரை அடைத்து வைத்த ஒரு பையாகிவிடுகின்றது. அதுவே கொழுப்பு நுண்பை. சிறியவை 30 நனோமீற்றர் அளவின. பெரியவை அதனிலும் பன்மடங்கு. அதனைத் தைத்தவர் எவருமிலர்; நீரை வெறுக்கும் வால்களே அதனைத் தைக்கின்றன.

இவ்வறிவு ஒரே நாளிற் கிடைத்ததன்று. பெஞ்சமின் பிராங்ளின் இங்கிலாந்தின் கிளப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது அரை ஏக்கர் அளவுக்குப் பரந்து அலைகளை அடக்கியதைக் கண்டு 1774 இல் வெளியிட்டார். நம் மாணவர்கள் இதனை ஒரு கணக்காகச் செய்து பார்க்கலாம். தேக்கரண்டி எண்ணெய் 5 கன சென்ரிமீற்றர்; அரை ஏக்கர் ஏறத்தாழ 2000 சதுர மீற்றர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் படலத்தின் தடிப்பு 2.5 நனோமீற்றர் என வரும். ஒரு மூலக்கூறின் நீளத்தை அளந்துவிட்டோம் என்பதை அறியாமலே பிராங்ளின் அதனை அளந்திருக்கிறார்.

அடுத்து நினைக்கத்தக்கவர் அக்னெஸ் பொக்கெல்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. அக்காலத்தில் அவர் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்ப்பதில்லை. பிரௌன்ஷ்வைக் நகரில் நோயுற்ற பெற்றோரைப் பேணி வீட்டு வேலை செய்துகொண்டிருந்த அவர், பாத்திரம் கழுவும் நீரின் மேல் எண்ணெயும் அழுக்கும் செய்யும் மாற்றங்களைக் கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றைத் தாமே அமைத்துப் பரப்பிழுவிசையை அளந்தார். தம் முடிபுகளை ஆங்கில விஞ்ஞானி ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதனை 1891 இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவரச் செய்தார். இன்றைய பரப்பியல் ஆய்வுகூடங்களிலுள்ள தொட்டிகள் யாவும் அந்தத் தகரத் தொட்டியின் வழித்தோன்றல்களே.

உயிர்க்கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு இத்தகைய ஈரடுக்கினாலானது என்பதை 1925 இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் கோட்டர், கிரென்டல் என்னும் இருவர் காட்டினர். செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேற் பரப்பியபோது, அது கலங்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை நிரப்பிற்று. அவர்தம் அளவீட்டில் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன எனப் பின்னர் தெரியவந்தது. ஆயினும் முடிபு நிலைத்து நிற்கின்றது. கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பாபிரகாமில் அலெக் பங்கம் என்பவர், நீரிற் கலந்த லெசித்தினை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கி, வெங்காயத் தோல்போல் ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய மூடிய ஏடுகளைக் கண்டு 1964 இல் வெளியிட்டார். அப்பைகள் தம்முள் அடைத்த உப்பு அயன்களை எளிதில் வெளியே விடுவதில்லை என்பதை மறு ஆண்டு அவரும் அவர் துணைவரும் நிறுவினர். உயிரற்ற கொழுப்பு, உயிர்க்கலத்தின் தோலைப்போல் நடந்துகொண்டது.

கொழுந்தில் உடையும் மென்சவ்வு

மென்சவ்வின் பணி பிரித்து வைத்தல். அது உடைந்தால் என்ன நிகழும் என்பதை அறியக் கலஹாவில் உள்ளோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாக ஏறி வரும் கலஹா வீதி, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட என்னும் மலைகளை நோக்கிச் செல்லுகின்றது. அம்மலைகளில் உள்ளதே லூல்கந்துரத் தோட்டம். 1852 இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் 1867 இல் அங்கே 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டு கழித்துக் கோப்பியைத் துருநோய் பற்றியது. பின்னர் நாடே தேயிலைக்கு மாறிற்று. தொடக்கத்தில் அவருடைய தேயிலை பங்களாத் தாழ்வாரத்து மேசைகளிற் கையாலேயே உருட்டப்பட்டது. உருட்டும் இயந்திரம் 1872 இல் வந்தது. மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. அந்த மலைகளைத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பை நாம் மறத்தலாகாது.

கொழுந்தை ஏன் உருட்ட வேண்டும்? பச்சைக் கொழுந்தின் ஒவ்வொரு கலத்திலும், துவர்ப்பைத் தரும் பல்பீனோற் பொருள்கள் புன்வெற்றிடம் என்னும் நடுப்பையில் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றை ஒட்சியேற்ற வல்ல நொதியமோ அப்பைக்கு வெளியே, பச்சையவுருமணி முதலிய வேறு அறைகளில் இருக்கின்றது. இரண்டுக்கும் இடையே நிற்கும் வேலி சில நனோமீற்றர்த் தடிப்புள்ள கொழுப்பு மென்சவ்வுகளே. அவ்வேலி நிற்கும் வரை இலை பச்சையாகவே இருக்கும். வாட்டுகையில் நீர் குறைய, மென்சவ்வுகள் தளர்ந்து கசியத் தொடங்குகின்றன. உருட்டுகையில் அவை கிழிகின்றன. அடைபட்டவை ஒன்றோடொன்று கலக்க, காற்றின் ஒட்சிசனும் சேர, செம்பு நிறமும் சாயமும் தோன்றுகின்றன. தொழிற்சாலையில் இதனை நொதித்தல் என்று வழங்கினாலும், கள்ளிலும் மாவிலும் நிகழ்வதுபோல் நுண்ணுயிர் செய்யும் வேலை இதுவன்று, ஒட்சியேற்றமே. கிழிந்த மென்சவ்வின் கொழுப்பும் வீணாவதில்லை. அது சிதைந்து தேயிலையின் நறுமணப் பொருள்களிற் சிலவற்றைத் தருகின்றது. உரிய வேளையிற் சூடேற்றி நொதியத்தை அழித்தால், மாற்றம் அவ்வளவில் நின்றுவிடும்.

ஆகவே தேயிலைத் தொழில் என்பது, மென்சவ்வுகளை உரிய வேளையில், உரிய அளவில் உடைக்கும் கலை என்றாற் தவறாகாது. அங்கே உடைப்பது கையின் வலிமை அல்லது இயந்திரத்தின் அழுத்தம். அத்தகைய வலிமை எதுவுமின்றி, ஒரு பரப்பைத் தீண்டிய மாத்திரத்தில் நுண்பை உடைவதும் உண்டு. தீண்டியும் உடையாதிருப்பதும் உண்டு. இனி அதனைப் பார்ப்போம்.

மூன்று பரப்புகள், மூன்று முடிவுகள்

கரைசலிலுள்ள துணிக்கைகள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் வந்து பற்றிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்பர். பஞ்சு நீரை உள்ளே இழுத்துக்கொள்ளுதல் உறிஞ்சல். கரியின் முகத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளுதல் புறத்துறிஞ்சல். நுண்பைகள் இவ்வாறு ஒரு பரப்பில் வந்து சேருவதைக் கண்ணாற் காண இயலாது. எனவே அதனை நிறுத்துப் பார்க்கும் உபாயம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது.

குவாட்ஸ் படிகத்தின் மெல்லிய வட்டில் ஒன்றுக்கு மின்னூட்டினால் அது செக்கனுக்கு 50 இலட்சம் முறை அதிரும். அதன்மேல் ஏதேனும் படிந்தால் அதிர்வு சற்றே தாழும். ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 18 நனோகிராம் படிந்தால், செக்கனுக்கு ஓர் அதிர்வு குறையும். ஒரு கிராமை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோகிராம். சுவீடனின் கொத்தென்பேர்க் நகரைச் சேர்ந்த கெல்லர், கசெமோ என்னும் இருவர் இத்தகைய படிகத் தராசைக் கொண்டு நுண்பைகளை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்ட முடிபுகள் வியப்புக்குரியன. ஒரே வகை நுண்பைகளை மூன்று வகைப் பரப்புகளின்மேல் விட்டனர். மூன்று வகை முடிவுகள் கிடைத்தன.

முதலாவது, ஒட்சியேறிய பொன். நுண்பைகள் வந்து ஒட்டின, நிறை ஏறிற்று, ஏறிய நிறை ஏறியபடியே நின்றது. அவை உடையாமல், பைகளாகவே நெருங்கி அமர்ந்துவிட்டன.

இரண்டாவது, நீரை வெறுக்கும்படி மெழுகுத்தன்மையுள்ள மூலக்கூறுகளால் மூடிய பரப்பு. இங்கே நிறை மெதுவாகவும் சிறிதளவாகவும் ஏறிற்று. நுண்பைகள் அவிழ்ந்து, வால்களைக் கீழே பரப்பின் பக்கமாகவும் தலைகளை மேலே நீரின் பக்கமாகவும் வைத்து, ஓரடுக்குப் படலமாகப் பரந்துவிட்டன.

மூன்றாவது, சிலிக்கா, அதாவது கண்ணாடியின் முதன்மைக் கூறான சிலிக்கனீரொட்சைட்டு. இங்கே நிகழ்ந்ததுதான் விந்தை. முதலில் நிறை விரைந்து ஏறிற்று. ஓர் உச்சத்தை அடைந்ததும், எதனையும் வெளியே எடுக்காமலே, அது இறங்கத் தொடங்கிற்று. இறுதியில் அதிர்வு தொடக்கத்திலிருந்ததைவிட ஏறத்தாழ 26 குறைந்த இடத்தில் நிலைபெற்றது. அது ஈரடுக்கு ஏடு ஒன்றன் நிறைக்கு ஒத்தது.

நிறை எவ்வாறு தானாகக் குறையும்? மழை நாளில் நிறுத்த கொழுந்திற்கு ஈரநிறை கழிக்கும் வழக்கை மலைநாட்டார் நன்கறிவர். கூடையின் நிறையிற் கொழுந்தும் உண்டு, அதனோடு வந்த தண்ணீரும் உண்டு. நுண்பையும் அத்தகையதே. அது முழுமையாக ஒட்டியிருக்கும்போது தன்னுள் அடைத்த நீரையும் சேர்த்தே தராசுக்குக் காட்டுகின்றது. உடைந்து ஏடாகப் படிந்ததும் நீர் வெளியேறிவிடுகின்றது. எஞ்சுவது கொழுப்பின் நிறையும் அதன் கீழ்ச் சிக்கிய சிறிதளவு நீரின் நிறையுமே. தராசின் முள் ஏறி இறங்கியதைக் கொண்டே, கண்ணாற் காணாத பைகள் முதலிற் சேர்ந்தன, பின்னர் உடைந்தன என்று அறிந்துகொண்டனர்.

இதற்குக் காரணம் யாது? இரண்டு விசைகளின் வழக்கே காரணம். பரப்பு நுண்பையைத் தன்னோடு அணைக்க விரும்புகின்றது. அணையும் இடம் கூடக்கூட ஆதாயம் கூடும். மென்சவ்வோ தன்னை வளைப்பதற்கும் இழுப்பதற்கும் இடங்கொடாது எதிர்க்கின்றது. நீர் நிறைந்த தோற்பையொன்றை நிலத்தில் வைத்தால் அது அடியிற் பரந்து, விளிம்பில் வளைந்து நிற்குமன்றோ? அணைப்பு வலிதாயின் பை தட்டையாகித் தோல் இறுகும். இறுக்கம் எல்லை கடந்தாற் கிழியும். அணைப்பு மெலிதாயின் சற்றே தட்டையாகி உடையாமலிருக்கும். சிலிக்காவில் அணைப்பு இடைத்தரமானது. ஆகையால் அங்கே தனித்து அமர்ந்த சிறு நுண்பை பெரும்பாலும் உடைவதில்லை. அயலிலும் நுண்பைகள் வந்து நெருங்கி, நெரிசல் ஓர் அளவை எட்டும்போதே உடைவு தொடங்குகின்றது. ஒன்று உடைந்து ஏடாகப் பரந்ததும், அதன் ஓரத்தில் வால்கள் நீருக்கு வெளிப்படுகின்றன. அந்த ஓரம் அயலிலுள்ள நுண்பையைத் தீண்ட, அதுவும் உடைந்து அதனோடு சேர்ந்துகொள்ளுகின்றது. இவ்வாறு ஒன்றை ஒன்று தொடர்ந்து, பரப்பு முழுவதும் ஒரே ஏடாகிவிடுகின்றது. அதன்பின் வரும் நுண்பைகளுக்கு ஒட்ட இடமில்லை. வேலை தானே நின்றுவிடும்.

மின்னேற்றத்திற்கும் இதிற் பங்குண்டு. நீரிற் கிடக்கும் சிலிக்காவின் முகம் எதிர்மின்னேற்றம் உடையது. நேர்மின்னேற்றமுள்ள கொழுப்பைக் கலந்தால் நுண்பை விரைந்து உடையும். எதிர்மின்னேற்றம் மிகுந்த நுண்பையோ அணுகவே தயங்கும். அந்நீரிற் கல்சியம் உப்பு சிறிது சேர்த்தால், கல்சியம் அயன்கள் இடையில் நின்று இரண்டையும் இணைத்துவைக்கும்.

இவ்வாறு கண்ணாடியிற் படிந்த ஏடு இறந்த பூச்சன்று. கண்ணாடிக்கும் அதற்கும் இடையே ஓரிரு நனோமீற்றர் நீர்ப்படை இருப்பதால், ஏட்டின் மூலக்கூறுகள் பக்கவாட்டில் ஓயாது உலாவிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பிரியன், மக்கொன்னல் என்னும் இருவர் 1984 இல் இத்தகைய ஏட்டில் உயிர்க்கலப் புரதத்தைப் பதித்து, நோயெதிர்க்கும் வெண்கலங்களை அதன்மேல் விட்டனர். வெண்கலங்கள் அதனை அயலார் கலமென்றே உணர்ந்து விழிப்புற்றன. உயிரின் தோலைக் கண்ணாடியில் விரித்துப் படிக்கும் வழி அன்று திறந்தது.

காற்றின் முகத்தில்

மேற்கூறிய மூன்றும் திண்மப் பரப்புகள். நான்காவதாக ஒரு பரப்பு உண்டு. அதனை நாம் ஒவ்வொருவரும் நெஞ்சிற் சுமக்கின்றோம். நுரையீரலின் சிற்றறைகளை உள்ளே மெழுகியிருக்கும் நீர்ப்படை காற்றைச் சந்திக்கும் முகமே அது. பல கோடிச் சிற்றறைகளையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும்.

தூய நீரின் பரப்பிழுவிசை மிகப் பெரிது. அது சிறு குமிழ்களைச் சுருக்கி மூடவே முயலும். அவ்விசை குறைக்கப்படாவிட்டால், மூச்சு வெளியேறியதும் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். மறுமூச்சுக்கு அவற்றைத் திறக்கப் பெருமுயற்சி வேண்டும். இதனைத் தவிர்க்க, நுரையீரலின் ஒருவகைக் கலங்கள் கொழுப்பைப் பல ஏடுகளாக மடித்து நீர்ப்படையினுள் விடுகின்றன. பங்கம் கண்ட வெங்காயத் தோல் அமைப்பையே இவையும் ஒத்தன. இவை காற்றின் முகத்தை அடைந்து, அங்கே உடைந்து, வால்களைக் காற்றின் பக்கம் நீட்டி ஓரடுக்காகப் பரக்கின்றன. மூச்சு வெளியேறிப் பரப்பு சுருங்கும்போது அவ்வடுக்கு நெருங்கி, பரப்பிழுவிசையை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடும்.

இங்கும் பரப்பைச் சேரும் விரைவே உயிருக்கு ஆதாரம். தூய கொழுப்பு மாத்திரம் காற்றின் முகத்தில் மிக மெதுவாகவே பரக்கும். குழந்தையின் முதல் மூச்சு அவ்வளவு நேரம் காத்திராது. ஆகவே இயற்கை சில சிறு புரதங்களைத் துணையாக வைத்திருக்கின்றது. அவற்றுள் ‘பி’ எனப்படும் புரதம் முற்றாக இல்லாமற் பிறக்கும் குழந்தை, நுரையீரல் மாற்றுச் சிகிச்சையின்றிப் பிழைப்பதரிது.

கருவின் இறுதி வாரங்களிலேதான் இக்கொழுப்பு நிரம்பச் சுரக்கின்றது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பது இதன் குறைவினாலென்று மேரி எலன் ஏவெரி, ஜியர் மீட் என்னும் வைத்திய ஆய்வாளர் இருவர் 1959 இற் காட்டினர். காரணம் அறிந்த பின்னும் மருந்து கிடைக்கவில்லை. 1963 ஓகஸ்டில் அமெரிக்க சனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த ஆண் குழந்தை இதே நோயால் இரண்டு நாளில் இறந்தது. உலகின் வலிமைமிக்க நாட்டின் தலைவராலும் தம் மகனுக்கு ஒரு துளிக் கொழுப்புப் படலத்தைப் பெற்றுக்கொடுக்க முடியவில்லை. 1980 இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து ஆயத்தம் செய்த கொழுப்புக் கலவையைப் பத்துக் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுக்குழல் வழியே செலுத்திப் பயன் கண்டு வெளியிட்டார். நுண்பைகளைக் கண்ட பங்கமும் பிற்காலத்தில் இத்துறைக்கே திரும்பி, செயற்கைக் கொழுப்பினாலான ஒரு மருந்தை ஆக்கத் துணைநின்றார். இன்று இத்தகைய மருந்து உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றது.

மருந்தேந்திச் செல்லும் பை

மருந்தை உள்ளே வைத்து அனுப்பத்தக்க பையாகவும் நுண்பை பயன்படுகின்றது. இங்கே வேண்டப்படுவது நேர்மாறானது: வழியில் உடையாதிருத்தலும், சேருமிடத்தில் மாத்திரம் உடைதலும். குருதியிற் புகுந்த நுண்பையின் முகத்திற் புரதங்கள் வந்து படிகின்றன. அவற்றைக் கண்டு, குருதியைத் துப்புரவாக்கும் கலங்கள் அதனை விழுங்கிவிடுகின்றன. இதனைத் தடுக்க நுண்பைக்கு நீரை விரும்பும் மூலக்கூற்று இழைகளாற் போர்வை இட்டனர். அவ்வாறு போர்த்த புற்றுநோய் மருந்தொன்று 1995 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூஞ்சண நோய்க்குரிய அம்பொதெரிசின் என்னும் மருந்து தனித்து வழங்கின் சிறுநீரகத்தை வருத்தும். நுண்பையின் சுவரிற் பொதிந்து வழங்கின் அத்தீங்கு குறையும். 2021 இல் இந்தியாவிற் கரும்பூஞ்சண நோய் பரவியபோது மக்கள் தேடி அலைந்தது இம்மருந்தையே.

அதே ஆண்டு யூலையில் அமெரிக்கா வழங்கிய 15 இலட்சம் மொடேனாத் தடுப்பூசிகள் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் இருந்தது எளிதிற் சிதையும் ஒரு செய்தி மூலக்கூறு. அதனைக் காத்தது 100 நனோமீற்றர் அளவுள்ள கொழுப்புப் பொதி. உட்குழிவுள்ள பையைப் போலன்றி உள்ளேயும் கொழுப்பு செறிந்த உருண்டை அது எனினும், அதன் நடத்தை அதே விதியைச் சார்ந்தது. அதிலுள்ள சிறப்புக் கொழுப்பு குருதியில் மின்னேற்றம் இன்றிச் செல்லும். கலம் அதனை விழுங்கி அமிலத்தன்மையுள்ள சிற்றறையில் இட்டதும் நேர்மின்னேற்றம் பெற்று, அவ்வறையின் எதிர்மின்னேற்றமுள்ள சுவரைப் பற்றி உடைத்துச் செய்தியை வெளியே விடும். சிலிக்காவின் முகத்திற் கண்ட நாடகம், கலத்தின் உள்ளே மறுபடியும் நடிக்கப்படுகின்றது. அந்நோய்க் காலத்திற் சவர்க்காரமிட்டுக் கை கழுவியதன் பொருளும் இதுவே: அந்த வைரசின் போர்வையும் ஒரு கொழுப்பு மென்சவ்வு, சவர்க்காரம் அதனைக் கலைத்துவிடும்.

மாணவர்க்கு ஒரு சொல்

படிகத் தராசு நம் கல்லூரிகளில் இல்லையே என்று எவரும் சோர்வடைய வேண்டியதில்லை. ஒரு தட்டில் நீரை நிரப்பி, மிளகுத்தூளைத் தூவி, சவர்க்காரம் தொட்ட விரல்நுனியை நடுவில் வையுங்கள். தூள் ஓரத்துக்கு ஓடும். ஓடிய தூளை இழுத்தது யார், விரட்டியது யார் என்று விவாதியுங்கள். பின்பு தட்டை நன்கு அலசிவிட்டு, நல்லெண்ணெய் ஒரு துளியை விட்டு, அது எவ்வளவு இடத்துக்குப் பரக்கின்றதென அளந்து, பிராங்ளினின் கணக்கைத் திரும்பச் செய்யுங்கள். கிடைக்கும் விடை அவருடையதிலிருந்து வேறுபட்டால் ஏன் என்று ஆராயுங்கள். நீரிலா, தட்டிலா, கையிலா முன்பே எண்ணெய் இருந்தது என்று தேடுவதிலேயே பரப்பியலின் முதற் பாடம் அடங்கியிருக்கின்றது.

பொக்கெல்ஸ் அம்மையாரிடம் இருந்தவை ஒரு தகரத் தொட்டியும் கழுவு நீரும். நம் மாணவர் பலருடைய அன்னையர் தினந்தோறும் கொழுந்து பறித்த கையோடு வந்து பாத்திரம் கழுவுகின்றனர்; அவர்கள் கைபடும் நீரின் முகத்தில் இன்னும் எழுதப்படாத விஞ்ஞானம் நிரம்ப உண்டு. அதனை உற்றுநோக்கி, அளந்து, அஞ்சாது எழுதி அனுப்பும் ஒருவராவது இவ்விழா மலரைப் படிக்கும் இளைஞருள் இருப்பாராயின், கல்லூரி செய்த கல்விப்பணி மேலும் பயன் தரும்.